ஹைகமிஷனர் அக்காவுக்கு ஒரு வாழ்த்து அட்டை

கேள்வி: பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவியர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்களுக்கு மூத்த செட்டில் படித்த அக்கா ஒருவர் ஐ.எஃப்.எஸ். அதிகாரி. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு இந்தியத் தூதராக அவரை நியமித்திருக்கிறார்கள். இன்னும் பத்து நாளில், ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியில் பாராட்டு விழா. கையால் வரைந்த வாழ்த்து அட்டை கொடுக்க ஆசைப்படுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் நன்றாக வரைகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். முகப்பில் நான்கு சிங்கச் சின்னம், இரு நாட்டுக் கொடிகள், நடுவில் உலக உருண்டை, அதற்குள் அக்காவின் முகம், கீழே 'மேதகு' போட்டுப் பெயர். உள்ளே ஒரு திருக்குறள், 40 பேர் கையெழுத்து. இதுதான் திட்டம். மாதிரிக்கு ஒன்று செய்து பார்த்தோம். சார்ட் பேப்பர் சுருண்டுவிட்டது, மடிப்பில் பெயின்ட் உதிர்கிறது, வானம் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. எங்கே தப்பு? லேமினேஷன் பண்ணலாமா, ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: பெயின்ட் உதிர்ந்ததையும் பேப்பர் சுருண்டதையும் ஒரு நாளில் சரி செய்துவிடலாம். முகப்பில் நீங்கள் யோசித்திருக்கும் படத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அரசாங்கத்தின் பொருள்கள். சிங்கமும் கொடியும் அவருடைய மேசையிலும் காரிலும் அலுவலக வாசலிலும் இனி தினமும் இருக்கப்போகிறவை. பள்ளிக்கூடம் கொடுக்கும் அட்டையில் வெளியுறவு அமைச்சகத்தால் கொடுக்க முடியாத ஏதாவது இருக்கட்டும்.

சிங்கச் சின்னத்தைத் தனியார் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ல் சட்டமும் 2007-ல் விதிகளும் வந்துவிட்டன. அனுமதி இல்லாமல் ஒரு சங்கம் அதைத் தன் அட்டையில் அச்சிட்டால், வாங்கிக்கொள்ளும் அதிகாரிக்குத்தான் தர்மசங்கடம். தேசியக் கொடியை வரையலாம், ஆனால் அதன்மேல் ஓர் எழுத்துகூட வரக் கூடாது. 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதைச் சட்டம் கொடியின் ஓவியத்தையும் கொடியாகவே கணக்கில் எடுக்கிறது. வெள்ளைப் பட்டையில் 'வாழ்த்துகள்' என்று எழுதுவதை நிறைய வாழ்த்து அட்டைகளில் பார்க்கிறோம், அது தவறு.

பிள்ளைகள் கொடி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் உள்பக்கத்தில் 9 × 6 செ.மீ. அளவில் வரையட்டும். பட்டை ஒவ்வொன்றும் 2 செ.மீ., சக்கரம் 1.8 செ.மீ., 15 டிகிரிக்கு ஓர் ஆரமாக 24 ஆரம். இதைவிடச் சிறிதானால் ஆரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலப் பொட்டாகிவிடும். அடுத்த நாட்டுக் கொடியையும் வரைந்தால் அதே அளவு, அதே உயரம். நம் கொடி பார்ப்பவருக்கு இடப்பக்கம். கம்புகளைக் குறுக்காக வைத்தால் நம் கம்பு முன்னால் வர வேண்டும்.

உலக உருண்டை கூடவே கூடாது. உருண்டை போட்டால் இந்தியாவைப் போட வேண்டும், இந்தியாவைப் போட்டால் வடக்கு எல்லையைப் போட வேண்டும். கூகுளில் கிடைக்கும் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்து வரையும் பிள்ளைக்கு அந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. உங்கள் அட்டைக்காக யாரும் வழக்குப் போடமாட்டார்கள். ஆனாலும் தவறான எல்லை போட்ட படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வெளியுறவு அதிகாரி போட்டோவுக்கு நிற்க முடியுமா?

முகமும் வேண்டாம். விழா மேடையில் ஃப்ளெக்ஸ் எப்படியும் இருக்கும். அவர் முகம் அதில் ஆறடிக்கு வந்துவிடும். போட்டோவைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளை வரையும் முகத்தில் கண் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் வேறு ஆளாகிவிடும்.

இனி பதவிப் பெயர். இதைச் சரி பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். நாட்டின் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நாடு காமன்வெல்த்தில் இருக்கிறது. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதரின் பதவிப் பெயர் ஹைகமிஷனர், அவர் அலுவலகம் ஹைகமிஷன். கென்யா, கானா, தென்னாப்பிரிக்கா என்றால் ஹைகமிஷனர்; எத்தியோப்பியா, எகிப்து, செனகல் என்றால் தூதர். பழைய பிரிட்டிஷ் காலனியா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது: மொசாம்பிக்கும் ருவாண்டாவும் காமன்வெல்த்தில் இருக்கின்றன, பிரிட்டிஷ்காரர் பிடியில் இருந்த சூடான் இல்லை. பத்திரிகைகள் எல்லோரையும் 'தூதர்' என்றே எழுதுவது பேச்சுக்குச் சரி. அட்டையில் 'இந்திய ஹைகமிஷனர்' என்றே இருக்கட்டும். 'உயர் ஆணையர்' என்று தமிழாக்கினால் நம் ஊரில் மாநகராட்சி ஆணையர் ஞாபகம்தான் வரும்.

'ஐ.எஃப்.எஸ்.' என்று மொட்டையாக எழுதாதீர்கள். வனப் பணிக்கும் அதே மூன்று எழுத்துதான். முண்டந்துறை, களக்காடு பக்கத்தில் ஐ.எஃப்.எஸ். என்றால் காட்டிலாகா அதிகாரி என்றுதான் நினைப்பார்கள். 'இந்திய வெளியுறவுப் பணி' என்று முழுதாக எழுதிவிடலாம்.

'பதவியேற்ற' என்ற சொல்லும் இப்போது பொருந்தாது. ஒரு நாட்டுக்குத் தூதரை அனுப்பும் முன் அந்த நாட்டின் சம்மதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது 1961 வியன்னா உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு. அது கிடைத்த பிறகே அமைச்சகம் பெயரை அறிவிக்கும். பிறகு அவர் அங்கே போய் நியமனப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். இந்த இடைக்காலத்தில் சரியான சொல் 'நியமிக்கப்பட்டிருக்கும்'. செய்தி உங்களுக்கு எப்படி வந்தது என்று கடிதத்தில் இல்லை. வீட்டார் வாயிலாக வந்திருந்தால், அமைச்சகத்தின் அறிவிப்பு வெளியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள்.

'மேதகு' உறையின் மேலும் வேண்டாம். அந்த மரியாதை அடைமொழி அங்கே அந்நாட்டார் அவருக்குக் கொடுப்பது. உறையில் 'திருமதி' போட்டு, அவர் எழுதுகிற அதே இனிஷியலோடு பெயர், அடுத்த வரியில் பதவி. உள்ளே அவர் உங்களுக்கு அக்கா, அப்படியே எழுதுங்கள்.

படத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டைக்காரர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தாமிரபரணியின் மேல் ஆற்றுப்பாலம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக வேலை பார்த்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்ட, 1843-ல் திறந்தது. அதுவரை திருநெல்வேலி டவுணுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே வெள்ளம் வந்தால் பரிசல்தான். வெளிநாட்டுக்குப் போகிற அரசு அதிகாரிக்கு, ஓர் அரசு அலுவலர் இரண்டு கரையைச் சேர்த்த பாலத்தைவிடப் பொருத்தமான படம் இந்தச் சீமையில் இல்லை. ஆனால் கீழே 'உறவுப் பாலம்' என்று தலைப்பு மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருக்குப் புரியும்.

கோயில் கோபுரம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நெல்லையப்பர் கோபுரமோ குறுக்குத்துறை முருகன் கோயிலோ படத்துக்கு அழகுதான். ஆனால் கையெழுத்துப் போடும் 40 பேரில் மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆறு எல்லோருக்கும் பொது.

வரைகிற பிள்ளைகள் ஒருநாள் காலை ஏழு மணிக்குள், கூட ஒரு பெரியவரோடு கரைக்குப் போய்ப் பாலத்தைப் பார்க்கட்டும். பின்னாளில் அகலப்படுத்திய பக்கத்தை விட்டுவிட்டு, பழைய கல் வளைவுகள் தெரியும் பக்கமாக நிற்க வேண்டும். வளைவை அரைவட்டமாக நினைத்துக் காம்பஸில் போட்டுவிடுவது எல்லோரும் செய்கிற பிழை. நேரில் பார்த்தால் அது அகன்று தணிந்த வளைவு என்பது தெரியும். மொத்தம் 11 வளைவுகள். 17 செ.மீ. அகலப் படத்தில் பதினொன்றையும் அடைத்தால் ஒன்றுக்கு ஒன்றரை செ.மீ.தான் கிடைக்கும், கல்லும் தெரியாது, நிழலும் தெரியாது. ஐந்தரை வளைவு போதும். ஆறாவதைப் பட ஓரம் பாதியில் வெட்டட்டும். பாலம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றும், எண்ணிப் பார்த்துக் குறை சொல்லவும் ஆளுக்கு வழியில்லை.

படத்தின் அளவு 17 × 13 செ.மீ. தண்ணீர்க் கோடு கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். பாலம் அதற்கு மேல் 4 செ.மீ. கரையில் மருத மரங்கள்: பட்டை வெளிறிய சாம்பல், இலை அடர்பச்சை, அடிமரம் தடித்திருக்கும். முன்புறம் படித்துறையின் இரண்டு மூன்று படி. ஆற்றில் மிதக்கும் அமலைச் செடியை (ஆகாயத்தாமரை) உண்மைக்காக வரைய வேண்டுமா என்று கேட்காதீர்கள். இந்த ஒரு தடவை விட்டுவிடலாம்.

படத்தை நேராக அட்டையில் தீட்டக் கூடாது. உங்கள் மாதிரி கெட்டதற்கு முதல் காரணம் இதுதான். தனித் தாளில் தீட்டி அட்டையில் ஒட்டுங்கள். ஒருவர் கெடுத்தால் மற்றவர் படம் இருக்கும், அட்டையும் பிழைக்கும். தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் பேப்பர், சொரசொரப்பு குறைவானது. சார்ட் பேப்பர் மெல்லியது, தண்ணீரைத் தாங்கும் பசை அதில் போதாது. நனைந்த பக்கம் விரிந்து, காயும்போது சுருங்கி, தாளையே இழுத்துக்கொண்டு சுருளும். 20 × 16 செ.மீ. துண்டுகளாக நாலைந்து வெட்டி, பிளைவுட்டில் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் 300 ஜிஎஸ்எம் அசையாது. பென்சில் படத்தை மாற்ற கார்பன் வேண்டாம். அதன் மெழுகில் வாட்டர்கலர் ஒட்டாது, அழித்தாலும் போகாது. டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் 2பி பென்சிலைத் தேய்த்து மாற்றுங்கள்.

வானம் திட்டானதற்கு நம் ஊர் ஆடிக் காற்றும், தலைக்கு மேல் ஓடிய ஃபேனும் சேர்ந்த காரணம். வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்துப் பூசும் நிறம், ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும்போதே மறுபடி ஈரப் பிரஷை வைத்தால் புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கரை கட்டும். காலை நேரம், ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி வேலை செய்யட்டும். நீலத்தை முதலிலேயே இரண்டு டீஸ்பூன் அளவு கலந்து வைத்துவிட வேண்டும். நடுவில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. பலகையின் மேல்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தி, ஒரு அங்குல பிளாட் பிரஷால் இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. கீழ் விளிம்பில் துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும்; அடுத்த இழுப்பு அந்தத் துளிகளைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசியில் நிற்கும் தண்ணீரைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சிவிடுங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக் கூடாது. திட்டுத் தெரிகிறதே என்று திருத்தப் போகிற கைதான் அதைப் பெரிதாக்குகிறது.

கல்லுக்கு எல்லோ ஆக்கரில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. வளைவுக்குள் இருக்கும் நிழலுக்குக் கறுப்பு எடுக்காதீர்கள், பாலத்தில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். மேலே அடர்த்தியாகத் தொடங்கி, தண்ணீரை நெருங்கும்போது இளக்கி விடவும், தண்ணீர் ஒளியைத் திருப்பி அடிக்கும். தாமிரபரணிக்கு நீலம் பூசினால் அது கடலாகிவிடும். வெள்ளக் காலத்தில் அது செம்மண் பழுப்பு. மற்ற நாளில் பச்சை கலந்த பழுப்பு. வளைவின் பிரதிபிம்பம் வளைவைவிடக் கொஞ்சம் அடர்ந்தும் ஓரம் மங்கியும் இருக்கட்டும். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை அளவு வெள்ளைத் தாளை அங்கங்கே விட்டுவைத்தால் தண்ணீர் மின்னும்.

கோடு வேண்டிய இடத்தில் நீர் புகாத பிக்மென்ட் பேனா, 0.1, 0.3. ஸ்கெட்ச் பேனாவும் ஜெல் பேனாவும் வேண்டாம். சாயத்தில் செய்த மை ஈரம் பட்டால் கசியும், வெளிச்சத்தில் சில மாதத்திலேயே வெளுக்கும். மாணவர் பெட்டியில் வரும் ரோஸும் ஊதாவும் அப்படியே. பாட்டிலில் வரும் போஸ்டர் கலரில் வெள்ளைப் பொடி அதிகம், பசை குறைவு. கனமாகப் பூசினால் காய்ந்து விறைக்கும். மடிப்பில் உதிர்ந்ததற்கு அதுதான் காரணம். மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் 1 செ.மீ.க்கு எந்த நிறமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க நிறம் இல்லாமல் நம்மால் வாழ்த்த முடியாது, சரி. பொடியாக விற்கும் 'கோல்டு' பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றும் ஈரமும் பட்டுப் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். அப்பிரகம் (மைக்கா) கலந்து செய்த கோல்டு அக்ரிலிக் கறுக்காது. பட ஓரத்தில் 1 மி.மீ. கோடு போதும். அதற்கு வெளியே பத்தமடைப் பாயின் ஓரப் பட்டை மாதிரி அரக்கு, பச்சை, கோரை நிறம் மூன்றையும் மாற்றி மாற்றி 8 மி.மீ. அகலத்துக்குப் போட்டால் கரை முடிந்தது. நிஜப் பாயை வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். காய்ந்த செடி, நெல்மணி, பனையோலை எதுவும் வேண்டாம்: தாவரப் பொருளைப் பல நாட்டு விமான நிலையங்களில் எடுத்து வைத்துவிடுவார்கள், பூச்சியும் வரும். மயிலிறகுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடே இருக்கிறது.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஐவரி கார்டு, ஏ3 தாள். மடித்தால் ஏ4, மேடையில் எல்லோருக்கும் தெரியும், சாதாரண ஆபீஸ் ஃபைலிலும் அடங்கும். மடிக்கும் முன் தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும் திசைதான் நார் ஓடும் திசை. மடிப்பு அதோடு போக வேண்டும். குறுக்கே போனால் மேல் தோல் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்கினால் பணம் மிச்சம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுக்கவும். பள்ளம் வெளிப்பக்கம், மேடு உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகப் பள்ளத்துக்குள் மடித்துவிட்டு, மடிப்பு ஏன் விரிகிறது என்று யோசிப்பார்கள். பிரஸ்ஸில் கொடுத்தால் கிரீசிங் போட்டுத் தருவார்கள், அது இன்னும் சுத்தம்.

படத்தின் டேப்பை உரித்து, ஓரம் வெட்டி, முகப்பின் மேல்பாதியில் ஒட்டுங்கள். பின்பக்கம் முழுக்க ஃபெவிகால் தடவினால் ஈரம் ஊறி முகப்பே வளைந்துவிடும். மேல் ஓரத்தில் 1 செ.மீ. பட்டையாகவும், கீழ் மூலைகளில் மிளகளவுப் பொட்டாகவும் மெல்லத் தடவினால் போதும். மைதாப் பசை கரப்பானையும் ராமபாணப் பூச்சியையும் அழைக்கும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு.

உள்ளே எழுதுவதற்கு 120 ஜிஎஸ்எம் தாள் ஒன்றை 41 × 29 செ.மீ. வெட்டி மடித்து, அட்டைக்குள் தைத்துவிடுங்கள். 40 கையெழுத்தையும் நேராக அட்டையில் வாங்கினால் முப்பத்தெட்டாவது ஆள் பேனாவை உதறும்போது எல்லாம் போச்சு. தனித் தாள் என்றால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. 75 செ.மீ. பைண்டிங் நூல், அரக்கு நிறம். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே போய், மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்தால் இரண்டு நுனியும் ஒரே இடத்தில் இருக்கும். நீளமாக ஓடும் நூலை நடுவில் பிடித்து முடிச்சுப் போடுங்கள். கையெழுத்து கடைசிப் பக்கத்தில், இரண்டு பத்தியாக, 1.1 செ.மீ.க்கு ஒரு பென்சில் கோடு. ஒரு பத்திக்கு 20 பேர். எல்லோருக்கும் ஒரே 0.3 பேனா. தைப்பதற்கு முன்பே வாங்கி முடித்துவிடுங்கள்.

திருக்குறளைத் தமிழய்யா பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள், நல்லது. 69-ஆவது அதிகாரமே 'தூது'தான். ஆனால் அதில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. 681 'ஆன்ற குடிப்பிறத்தல்' என்று வருவது. பாராட்டு மேடையில் அதைப் படித்ததும் எந்தக் குடி என்று சிலர் மனம் வேறு பக்கம் போகும், இந்த ஊரில் அது வேண்டாம். 690 தூது போனவன் உயிருக்கு முடிவு வந்தாலும் என்று தொடங்குகிறது. வீரம்தான், ஆனால் மகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். 685-ஐ எடுங்கள்:

தொகச்சொல்லித் தூவாத நீக்கி நகச்சொல்லி
நன்றி பயப்பதாந் தூது.

பலவற்றைத் தொகுத்துச் சொல்லி, கசப்பானவற்றை விலக்கி, கேட்பவர் மகிழும்படி பேசி நன்மை விளைவிப்பது தூது. அவர் தினமும் செய்யப்போகிற வேலை அப்படியே இதில் இருக்கிறது. எழுதும்போது முதல் வரியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று சீர். இடம் போதவில்லை என்று மூன்றாவது வரிக்கு இறக்காதீர்கள், எழுத்தைச் சிறிதாக்குங்கள். 'பயப்பதாந்' என்பதில் 'ந்' பிழையில்லை, அதை 'ம்' ஆக்க வேண்டாம்.

பட்டை நிப் 1.5 மி.மீ. இருந்தால் எழுத்து உடல் 7 மி.மீ. உயரம் எடுக்கும். வரிக்கு வரி 14 மி.மீ. விட வேண்டும். ஆங்கில எழுத்துக்கு விடுகிற இடைவெளி தமிழுக்குப் போதாது: மேலே 'ஈ' விசிறி, கீழே 'ஊ' சுழி, இரண்டும் மோதிக்கொள்ளும். பக்கத்தில் இருபுறமும் 3 செ.மீ. விட்டால் வரிக்குச் சுமார் 18 எழுத்து வரும். செய்தியை அதற்குத் தகுந்தாற்போல் சுருக்குங்கள். ஒரு மாதிரி:

அன்புள்ள அக்காவுக்கு, இந்திய ஹைகமிஷனராக நீங்கள் நியமிக்கப்பட்டிருக்கும் செய்தி கேட்டுப் பள்ளிக்கூடமே மகிழ்கிறது. நீங்கள் உட்கார்ந்த வகுப்பில்தான் உங்களுக்குப் பிறகு நாங்களும் உட்கார்ந்தோம். போகிற ஊரில் எல்லாம் நன்றாக அமையட்டும். லீவுக்கு வரும்போது இங்கேயும் வந்துவிட்டுப் போங்கள்.

நாட்டின் பெயரைப் பதவிக்கு முன் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் 'வாழ்த்துகள்', நடுவில் 'க்' வேண்டாம். 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் எந்தக் கள் என்று கேட்கும் தமிழய்யாக்கள் பாளையங்கோட்டையில் அதிகம். பெயரை மட்டும் அவர் வீட்டில் கேட்டு, அவர் கையெழுத்தில் இருக்கிறபடி எழுதி வாங்குங்கள். ர-வும் ற-வும் மாறிப்போன பெயரோடு கொடுக்கும் அட்டையை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

பின்அட்டையில் சிறிய எழுத்தில் மூன்று வரி: படத்தில் இருப்பது என்ன பாலம், வரைந்த பிள்ளைகளின் பெயர், தேதி. அதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். அங்கே விருந்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

லேமினேஷன் வேண்டாம். சூட்டில் வாட்டர்கலர் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே குமிழ் எழும்பும், உள்ளே இருக்கும் ஈரம் பூஞ்சையாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. கண்ணாடி ஃப்ரேமும் வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு நாடு மாறுகிற வேலை. பெட்டியில் தட்டையாகக் கிடக்கும் பொருள்தான் கூடவே போகும். வெள்ளித்தகடு பதித்த ஃப்ரேம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அரசு அதிகாரிகள் அன்பளிப்பு வாங்குவதற்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, மேடையிலேயே அவர் மறுக்க நேரலாம். தாளில் வரைந்த அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

உறை சி4 அளவு, 22.9 × 32.4 செ.மீ. தையலும் நூலும் சேர்ந்த கனத்துக்கு அட்டை அதில் தாராளமாகப் போகும். முதுகுக்கு 2 மி.மீ. கிரே போர்டு ஒன்று, படத்தின் மேல் பட்டர் பேப்பர் ஒன்று. கிஃப்ட் பேப்பர் சுற்றாதீர்கள். மேடையில் அதைக் கிழிக்கும் நிமிஷம் போட்டோவில் நன்றாக வராது. மூடுவதற்கு முன் 300 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துப் பள்ளிக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: முதல் இரண்டு நாள் ஆற்றங்கரையும் பென்சிலும். அடுத்த மூன்று நாள் காலைகளில் நாலைந்து படம் தீட்டி நல்லதை எடுப்பது. ஆறாம் நாள் எழுத்து, ஏழும் எட்டும் கையெழுத்து. ஊரில் இல்லாதவர்களுக்காகக் காத்திருக்காமல் அவர்கள் பெயரை ஒரே கையால் எழுதிவிடுங்கள். ஒன்பதாம் நாள் ஒட்டித் தைத்துப் புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு யாரும் பிரஷைத் தொடக் கூடாது, சின்னத் திருத்தம் என்று சொன்னாலும். ஈரத்தோடு உறைக்குள் போன படம் ஞாயிறு காலை பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு வரும்.